முகமே முழக்கோல்: ஹுசேன் சாகர் புத்தரின் அளவுக் கணக்கு

ஹைதராபாத் நகரின் ஹுசேன் சாகர் ஏரியைச் சுற்றி வருவோர் கண்ணில் இரண்டு மாபெரும் திருவுருவங்கள் படுகின்றன. ஏரியின் நடுவே, ‘ஜிப்ரால்டர் பாறை’ என்று வழங்கப்படும் திட்டின்மேல், ஒரே கல்லில் செதுக்கப்பட்ட புத்தர் நிற்கிறார்; உயரம் ஏறத்தாழ 58 அடி. கரையோரத்தில், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று திறந்து வைக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கரின் வெண்கலச் சிலை 50 அடி உயரமுள்ள பீடத்தின்மேல் 125 அடி உயர்ந்து நிற்கிறது. 1956-இல் பௌத்தம் தழுவியவரும், அவர் தழுவிய நெறியின் ஆசானும் ஒரே நீர்ப்பரப்பை நோக்கி நிற்பது நகரத்துக்கு வாய்த்த பேறு எனலாம்.

இரண்டில் எது பெரிது என்று குழந்தைகள் கேட்பார்கள். சிற்பக் கலையில் ஆர்வமுள்ளோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அம்பேத்கரை நேரில் கண்டவர்கள் இருந்தார்கள். அவருடைய புகைப்படங்கள் ஏராளமாக உள்ளன. எனவே அச்சிலையை வடிவமைத்த ராம் வி. சுதாருக்கு எதைப் பின்பற்றுவது என்பதில் ஐயமில்லை. நெற்றியின் அகலம், மூக்குக்கண்ணாடி, அங்கியின் மடிப்பு என அனைத்தும் அந்த மனிதரைப் போலவே அமைய வேண்டும். 125 அடி என்ற உயரம் அவருடைய 125-ஆவது பிறந்தநாளைக் குறிப்பது. ஆனால் புத்தரைப் படம் எடுத்தவர் எவருமில்லை. அவர் முகம் எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு அகலம், முழந்தாள் எந்த உயரத்தில் மடங்கும் என்பதை ஒரு சிற்பி எங்கிருந்து பெறுகிறார்?

அந்தச் சிலையைச் செதுக்கிய எஸ். எம். கணபதி ஸ்தபதி தமிழகத்துச் சிற்ப மரபில் வந்தவர். ஆந்திர அரசின் அறநிலையத் துறையில் ஸ்தபதியாகப் பணியாற்றியவர். அவர் கற்ற மரபில் இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை உண்டு: தாளமானம்.

(கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையை அமைத்த வை. கணபதி ஸ்தபதி வேறொருவர். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராகக் கருதுவோர் பலர்.)

தன் விரலே தனக்கு அளவு

தாளம் என்பது இங்கே இசையின் தாளம் அன்று. உள்ளங்கையின் மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரையுள்ள நீளமே தாளம். மயிர்க்கோடு முதல் மோவாய் வரையுள்ள முகத்தின் நீளமும் அதற்குச் சமமாகக் கொள்ளப்படும். நம் கையை விரித்து முகத்தின்மேல் வைத்தால் இது ஏறக்குறைய உண்மை என்பது விளங்கும். ஒரு தாளத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு விரல்; அந்த விரலை எட்டாகப் பகுத்தால் ஒரு யவம், அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் அளவு. வடமொழி நூல்கள் விரலை அங்குலம் என்று அழைக்கும். இன்று நாம் அச்சொல்லை இஞ்சுக்கு வழங்கிவிட்டதால், குழப்பம் நேராதிருக்க இக்கட்டுரையில் விரல் என்றே சொல்வோம்.

விரல் இருவகைப்படும் என்பதே இதில் நுட்பமான இடம். ஒன்று மானாங்குலம், எட்டு யவம் கொண்ட நிலையான அளவு. இருபத்து நான்கு விரல் ஒரு முழம் என்று வீடும் கோயிலும் கட்டப் பயன்படுவது இதுவே. மற்றொன்று தேகாங்குலம், அந்தந்த உருவத்திலிருந்தே பிறக்கும் அளவு. செதுக்க வேண்டிய உருவத்தின் மொத்த உயரத்தை 124 ஆகவோ, 120 ஆகவோ, 108 ஆகவோ நூல் சொன்னபடி பகுத்தால் வரும் ஒரு கூறே அவ்வுருவத்தின் விரல். அந்த விரல் வேறு எந்த உருவத்துக்கும் பொருந்தாது.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. முன்னது ரூபாய் போன்றது; பின்னது விழுக்காடு போன்றது. பத்தாயிரம் ரூபாய் வைப்புக்கும் பத்து இலட்சம் ரூபாய் வைப்புக்கும் ஒரே வட்டி விகிதம் என்றால், கைக்கு வரும் தொகை வேறுபடும்; விகிதம் வேறுபடாது. பூசையறையில் வைக்கும் ஓரடி விக்கிரகத்துக்கும் ஏரி நடுவே நிற்கும் 58 அடிச் சிலைக்கும் ஒரே இலக்கணம் போதுமானதாக இருப்பது இதனால்தான்.

யாருக்கு எத்தனை தாளம் என்பதும் வகுக்கப்பட்டுள்ளது. நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் இருப்பினும் பொதுவான வரிசை இது: திருமால், சிவன் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 விரல். தேவியருக்கு மத்திம தசதாளம், 120 விரல். மனிதருக்கு எட்டுத் தாளம். பிள்ளையாருக்கு ஐந்து, அவர் தொந்தியும் குட்டைக் கால்களும் சிற்பியின் விருப்பத்தால் வந்தவை அல்ல, கணக்கால் வந்தவை. மானசாரம் என்னும் சிற்ப நூலில் புத்தர் உருவத்துக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அவருக்கும் உத்தம தசதாளமே விதிக்கப்படுகிறது.

அந்த 124 விரலின் பங்கீட்டைச் சற்று நின்று பார்ப்பது பயனுடையது. தலையுச்சி முதல் மயிர்க்கோடு வரை 4 விரல். முகம் 13½. கழுத்து 4. கழுத்தடி முதல் மார்பு வரை 13½, அங்கிருந்து உந்தி வரை 13½, உந்தி முதல் குறியடி வரை 13½. தொடை 27, முழந்தாள் 4, கணைக்கால் 27, பாதத்தின் உயரம் 4. கூட்டினால் 124. மேலிருந்து குறியடி வரை மட்டும் கூட்டினால் 62. உடலின் சரிபாதி எங்கே விழுகிறது என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது. தொடையும் கணைக்காலும் முகத்தின் இரு மடங்கு. உச்சி, கழுத்து, முழந்தாள், பாதம் நான்கும் தம்முள் சமம். மனப்பாடம் செய்ய இதைவிட எளிய அமைப்பு இருக்க முடியாது. எழுத்தறியாத சிற்பியும் இதைத் தலையில் சுமந்து செல்லலாம்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பத்துத் தாளம் என்றால் முகத்தைப் போல் பத்து மடங்கு உயரம் என்று நேர்ப்பொருள் கொண்டால் கணக்கு இடிக்கும். 124-ஐ 13½ ஆல் வகுத்தால் ஒன்பதுக்குச் சற்று மேலேதான் வருகிறது. தசதாளத்தில் முகம் பன்னிரண்டு விரலைத் தாண்டி வளர்ந்துவிடுவதே காரணம். 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர், தம் பிருகத் சம்ஹிதையில் முகத்துக்குப் பன்னிரண்டு விரல் என்று கூறிவிட்டு, நக்னஜித் என்பவர் பதினான்கு விரல் என்று சொல்வதாகவும் அது திராவிட அளவு என்றும் குறித்திருக்கிறார். தெற்கே முகம் சற்று நீளமாகச் செதுக்கப்பட்டது என்பதை அன்றே ஒரு வடநாட்டு அறிஞர் கவனித்துப் பதிவு செய்தது சுவையான செய்தி.

ஓலையில் மடித்த கணக்கு

நூலில் உள்ள எண் கல்லுக்கும் மெழுகுக்கும் எப்படி வந்து சேருகிறது? கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகளிடம் இதற்கு ஓர் எளிய கருவி உண்டு. அதன் பெயர் ஒடியோலை. தென்னை ஓலையின் ஒரு கீற்றை, செய்யவிருக்கும் திருமேனியின் உயரத்துக்குச் சரியாக நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து மடித்து மடிப்புக் கோடுகளை ஏற்படுத்திக்கொள்வார்கள். அந்தக் கோடுகளே அத்திருமேனிக்குரிய அளவுகோல். அடிக்கோலோ மில்லிமீட்டரோ இதில் தலையிடுவதில்லை.

நவதாளத்தைக் கொண்டு நாமே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு காகிதப் பட்டையை ஒன்பது சம பாகமாக மடியுங்கள். ஒரு பாகம் முகம். மார்பு, வயிறு, அடிவயிறு மூன்றுக்கும் ஒவ்வொன்று. தொடைக்கு இரண்டு, கணைக்காலுக்கு இரண்டு. எட்டுப் பாகம் தீர்ந்தது. எஞ்சிய ஒன்பதாவது பாகத்தை நான்காக மடித்தால் உச்சிக்கும் கழுத்துக்கும் முழந்தாளுக்கும் பாதத்துக்கும் உரிய சிறு அளவுகள் கிடைத்துவிடும். 108 விரலும் ஒரு பட்டைக் காகிதத்தில் அடங்கிவிடுகிறது.

நீளம் மட்டும் போதாது. உருவம் நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். அதற்குச் சூத்திரங்கள் என்னும் தூக்குநூல் கோடுகள் உதவுகின்றன. நடுக்கோடு உச்சியிலிருந்து மூக்கு நுனி, உந்தி வழியாக இரு குதிகால்களுக்கும் நடுவே இறங்க வேண்டும். அக்கோட்டிலிருந்து உடல் எங்கும் விலகாவிடில் சமநிலை. சற்றே வளைந்தால் ஆபங்கம். மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம். ஏரியில் நிற்கும் புத்தர் வலக்கை உயர்த்தி நேராக நிற்கிறார். வளைவுகள் ஏதுமில்லாத இந்த நிலை பார்வைக்கு எளியது; செதுக்குவதற்கு அரியது. ஒரு பக்கம் ஒரு யவம் பிசகினாலும் மறைத்துக்கொள்ள வளைவு எதுவும் இல்லை.

இலக்கணம் கலையைச் சிறைப்படுத்தாதா என்ற ஐயம் எழலாம். இந்திய உடலமைப்பு இலக்கணம் பற்றி 1914-இல் எழுதிய அபனீந்திரநாத் தாகூர், இவ்விதிகள் வழிபாட்டு உருவங்களுக்கே உரியவை, மற்றவற்றில் கலைஞன் தன் விருப்பப்படி இயங்கலாம் என்பதே மரபின் கருத்து என்று விளக்கினார். நம் கோயில்களையே பார்த்தாலும் இது தெரியும். கருவறை மூர்த்தி கணக்குக்குக் கட்டுப்பட்டிருப்பார். தூணில் இருக்கும் குறவனும் குறத்தியும் அப்படிக் கட்டுப்பட்டிருக்க மாட்டார்கள்.

ரோமில் ஒரு பத்து, வெனிஸில் ஒரு வட்டம்

உலகின் மறுகோடியில் இதே எண்ணைக் கண்டவர் ஒருவர் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கட்டடக் கலை பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் மனித உடலின் விகிதங்களைக் கூறுகிறார். மோவாய் முதல் மயிர்க்கோடு வரையுள்ள முகம் உயரத்தில் பத்தில் ஒன்று. மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரையுள்ள கையும் அதே பத்தில் ஒன்று. முகமும் கையும் சமம், உயரம் அதன் பத்து மடங்கு என்று நம் சிற்ப நூலார் வைத்த அதே தொடக்கப் புள்ளி. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. இருவர் முன்னும் இருந்தது ஒரே மனித உடல். கருவி ஏதுமின்றி உடலை அளக்க முற்படுபவருக்கு முதலில் கிடைக்கும் அளவுகோல் தன் கைதான்.

விட்ருவியஸ் எழுதியதைக் கோடாக்கிக் காட்டியவர் லியொனார்டோ டா வின்சி. ஏறத்தாழ 1490-இல் அவர் வரைந்த ஓவியம் இன்று வெனிஸ் நகரத்து அக்காதெமியா காட்சியகத்தில் உள்ளது. கைகளை விரித்த ஒரு மனிதன் ஒரே சமயத்தில் சதுரத்துக்குள்ளும் வட்டத்துக்குள்ளும் நிற்கிறான். உற்று நோக்கினால் இரண்டுக்கும் மையம் ஒன்றல்ல என்பது புலப்படும். வட்டத்தின் மையம் உந்தி; சதுரத்தின் மையம் அதற்குக் கீழே குறியடியில். உடலின் சரிபாதி அங்கே என்று லியொனார்டோ படத்தின் கீழேயே எழுதி வைத்திருக்கிறார். நாம் மேலே கூட்டிப் பார்த்த 62 விரல் நினைவுக்கு வருகிறதல்லவா?

நம் வாஸ்து நூல்களிலும் சதுரத்துக்குள் ஒரு மனிதன் உண்டு. அறுபத்து நான்கு அல்லது எண்பத்தொரு கட்டங்கள் கொண்ட மண்டலத்தில் கிடப்பவன் வாஸ்து புருஷன். அக்கட்டங்களின்மேல் எழும் திராவிட விமானத்தின் உறுப்புகளுக்கும் கால், கண்டம் என உடலின் பெயர்களே வழங்குகின்றன. மனித உருவத்தையே வணக்கத்தலங்களில் இடம்பெறச் செய்யாத இஸ்லாமியக் கலையும் சதுரத்தையும் வட்டத்தையும் கைவிடவில்லை. 1591-இல் எழுந்த சார்மினார் தளவரைவில் ஒரு சதுரம். நான்கு முனையிலும் நான்கு மினார்கள். கோல்கொண்டாவை அடுத்த குதுப் ஷாஹி கல்லறை மாடங்களில் சதுரத் தளத்தின்மேல் வட்டக் குவிமாடம் அமர்ந்திருக்கிறது. ஒரே நகரில் இத்தனை வகைக் கணக்குகளையும் ஒரு நாளில் கண்டு திரும்ப இயலும் என்பது ஹைதராபாதின் தனிச்சிறப்பு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. எல்லா அழகுக்கும் அடியில் ‘பொன் விகிதம்’ எனப்படும் 1.618 மறைந்திருக்கிறது என்று கூறும் படங்களும் காணொளிகளும் இன்று ஏராளமாகச் சுற்றி வருகின்றன. கோடுகளைத் தடிமனாகப் போட்டால் எந்த உருவத்தின்மேலும் எந்த விகிதத்தையும் பொருத்திக் காட்டிவிடலாம். நம் சிற்ப நூல்களோ விரலும் யவமுமாக, மடிக்கவும் எண்ணவும் கூடிய முழு எண்களிலும் அரைகளிலுமே பேசுகின்றன. அவற்றில் மறைபொருள் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை; அது இருந்தாலும் ஓலை மடிப்பில் பிழையில்லாமல் வந்த பிறகுதான் அதற்கு இடம்.

மலையிலிருந்து ஏரிக்கு

மீண்டும் நம் புத்தரிடம் வருவோம். அமெரிக்கப் பயணத்தின்போது நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையைக் கண்ட அன்றைய ஆந்திர முதல்வர் என். டி. ராமராவ், தம் மாநிலத்துக்கும் அத்தகைய ஓர் அடையாளம் வேண்டும் என்று கருதினார். அமராவதியும் நாகார்ஜுனகொண்டாவும் இருந்த மண்ணில் அது புத்தராக அமைந்தது பொருத்தமே. 1985-இல் ஹைதராபாதிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், அன்றைய நல்கொண்டா மாவட்டத்து ராயகிரி அருகே வெண்ணிறக் கருங்கல் பாறை தேர்ந்தெடுக்கப்பட்டது. கணபதி ஸ்தபதியின் மேற்பார்வையில் ஏராளமான சிற்பிகள் அங்கேயே தங்கிச் செதுக்கினர்.

58 அடியையும் உத்தம தசதாளமாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். (இது நூல் வழியில் நாம் போடும் கணக்கு, கல்லின்மேல் நாடா பிடித்து எடுத்த அளவன்று.) 58 அடி என்பது 696 இஞ்சு, 124 ஆல் வகுத்தால் ஒரு விரல் ஏறத்தாழ 5.6 இஞ்சு. ஒரு யவம் 0.7 இஞ்சு. முகத்துக்குரிய 13½ விரல், ஆறடிக்கும் சற்று மேல். அதாவது மயிர்க்கோட்டுக்கும் மோவாய்க்கும் இடையே ஓர் உயரமான மனிதர் நிமிர்ந்து நிற்கலாம். அந்த முகத்தில் கண்ணிமையைச் செதுக்கும் சிற்பியால் முழு முகத்தை ஒருபோதும் பார்க்க முடியாது; அவர் கண்முன் இருப்பது வெறும் கல்வெளி. புன்னகை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை அவருக்குச் சொல்வது கண் அன்று, எண்ணே. ஓரடி விக்கிரகத்தில் இதே முகம் 3.3 சென்டிமீட்டர், யவமோ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே கண்ணால் திருத்திக்கொள்ளலாம். பெருஞ்சிலையில் இலக்கணம் அலங்காரம் அன்று, அதுவே வழித்துணை.

உருவத்துக்குப் போடும் கணக்கு வேறு, எடைக்குப் போடும் கணக்கு வேறு. நிற்கும் மனித உருவில் மிக ஒடுங்கிய இடம் கணுக்கால். கல்லின் எடை முழுவதும் இறங்குவதும் அதன் வழியாகவே. ஏறத்தாழ 350 டன் என்று சொல்லப்படும் இச்சிலையில் புத்தரின் ஆடை கணுக்கால் வரை இறங்குவது உருவ இலக்கணத்துக்கும் பொருந்துகிறது, கல்லின் உறுதிக்கும் துணை நிற்கிறது. அமராவதிக் காலத்திலிருந்தே தொடரும் உடை அமைப்பு இதற்கும் உதவியது நல்வினையே.

பல சக்கரங்கள் கொண்ட இழுவை வண்டியில் சிலை நகரை வந்தடைந்தது. கரையிலிருந்து ஏரித் திட்டு வரை உள்ள சிறு தொலைவே எஞ்சியிருந்தது. 1990-ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று மிதவையில் ஏற்றப்பட்டுப் புறப்பட்ட சிலை, வழியில் சரிந்து நீரில் மூழ்கியது. பணியில் இருந்த பத்துப் பேர் உயிரிழந்தனர். ஐந்தாண்டு உழைப்பும் பத்து உயிர்களும் ஒரே நாளில் நீருக்குள் போயின. சிலையை மீட்கும் முயற்சி நீண்டது. இரண்டே முக்கால் ஆண்டுகள் புத்தர் ஏரியின் சேற்றில் கிடந்தார். 1992 டிசம்பர் 1 அன்று பெருஞ்சேதமின்றி மேலே கொணரப்பட்டுத் திட்டின்மேல் நிறுத்தப்பட்டார். 2006-இல் தலாய் லாமா அங்கே வழிபாடு நிகழ்த்தினார். இன்று படகில் சென்று இறங்கும் பயணிகளில் பலருக்கு அந்த மார்ச் மாதத்து நிகழ்ச்சி தெரியாது. சிலையைப் பற்றி எழுதும்போது அப்பத்துப் பேரைக் குறிப்பிடாமல் விடுவது முறையாகாது.

நீர் செய்யும் உதவி

பெருஞ்சிலைகளுக்கு மற்றுமொரு இடர்ப்பாடு உண்டு. அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குப் பாதம் பெரிதாகவும் தலை சிறிதாகவும் தோன்றும். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கண் அதைக் கலைத்துவிடும். தலையைச் சற்றுப் பெரிதாக்கி இதை ஈடுசெய்வது ஒரு வழி. பார்ப்பவரைத் தள்ளி நிறுத்துவது மற்றொரு வழி. ஏரியின் நடுவே நிறுத்தியதால் இரண்டாவது வழி தானாகவே அமைந்துவிட்டது. டேங்க் பண்ட் சாலையிலிருந்து நோக்குகையில் பாதமும் தலையும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கின்றன. 124 விரலும் வகுத்த வகுப்பில் தெரிகின்றன. லும்பினி பூங்காவிலிருந்து படகேறித் திட்டை நெருங்க நெருங்க அந்த விகிதம் குலைந்துகொண்டே வரும். கடைசியில் பாதத்தடியில் நின்று நிமிர்ந்தால் மோவாயும் விரல்களுமே தெரியும். போகும் வழியில் பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே சென்றால், இலக்கணத்துக்கும் பார்வைக்கும் இடையிலான வழக்கு முழுவதையும் கண்டுவிடலாம்.

கன்னியாகுமரியிலும் நீர்தான் இத்தொலைவைத் தருகிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையில் பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களும் ஏனைய 95 அதிகாரங்களும் சேர்ந்து 133. உயரத்தை நூல் தீர்மானித்தது. உடலை மரபு தீர்மானித்தது.

ஹைதராபாதின் புறநகரான முச்சிந்தலில் 2022 பிப்ரவரி 5 அன்று திறக்கப்பட்ட ராமானுஜர் சிலையும் எண்ணை நம்பியே எழுந்தது: உருவம் 108 அடி, மொத்த உயரம் 216 அடி. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவருக்குத் தெலுங்கு மண்ணில் எழுந்த இச்சிலை அமர்ந்த கோலம். ஆகவே தொடை முன்நோக்கி மடிந்துவிடுகிறது, நெடுக்கணக்கு மாறுகிறது. இது சீனாவில் பகுதி பகுதியாக வார்க்கப்பட்டு இங்கே பொருத்தப்பட்டது. கணினியில் சிறு மாதிரியை எத்தனை மடங்கும் பெருக்கிவிடும் காலம் இது. வார்ப்பின் அளவைப் பெருக்குவது இயந்திரத்துக்கு எளிது. முதல் மாதிரியில் முகத்துக்கும் மார்புக்கும் எந்த விகிதம் என்று சொல்ல மட்டும் இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கையைப் பழக்கும் இடங்களில் ஒன்று, 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட அரசினர் சிற்பக் கல்லூரி. நம் வாசகர்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள பெற்றோர் ஒருமுறை சென்று பார்க்கத் தக்க இடம்.

ஹைதராபாதில் கைக்கெட்டும் தொலைவில் நின்று விகிதத்தைச் சோதிக்க விரும்புவோர் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். இத்தாலியச் சிற்பி பென்சோனி 1876-இல் பளிங்கில் செதுக்கிய ‘முக்காடிட்ட ரெபேக்கா’ முன்பு எப்போதும் கூட்டம் இருக்கும். ஈரத் துணிபோல் முகத்தில் படிந்த கல் முக்காடு வியப்புக்குரியதே. அங்கே வியந்து முடித்த பின், தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்துக்கும் போய் வாருங்கள். ரெபேக்காவின் உடல் கண்ணால் கண்ட ஒரு பெண்ணின் உடல் போன்றது; தோளும் இடையும் உயிருள்ளவர்க்கு இருப்பதுபோல் இருக்கும். திருமேனிகளில் உள்ளது எவரிடத்தும் காணாத, எண்ணிக் கட்டிய உடல். கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்றபடி, நீட்டிய கையில் ஒரு காகிதப் பட்டையைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முகத்தின் நீளத்தை அதில் நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதே தொலைவில் நின்று மார்பு, உந்தி, முழந்தாள் என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். எத்தனையாவது மடிப்பில் பாதம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், அது எவ்வகைத் தாளம் என்பதை ஓரளவு நீங்களே கண்டறியலாம்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.